மூன்றாவது தூணில் போட்ட வட்டங்கள்

பாலத்துக்கு எட்டு இரும்புத் தூண்கள். ஏழு தூண்கள் சாம்பல் நிறத்தில் பளபளவென்று நிற்கும். மூன்றாவது மட்டும் துருப்பிடித்துப் பழுப்பாக நிற்கும். பெயிண்ட் மேஸ்திரிக்கு இது ஆறு வருஷத்து வயிற்றெரிச்சல். பஸ் டிரைவர்கள் வண்டியை மெதுவாக்கித் தலையை நீட்டிக் கேட்பார்கள்: "என்ன மேஸ்திரி, மூணாவதுக்கு வரும்போது மட்டும் டப்பா காலியாயிடுதா?" வீட்டில் மனைவியும் விடமாட்டாள். சமையலறைச் சுவரைப் பாதியில் விட்டுவிட்டு டீ குடிக்க உட்கார்ந்தால், "இதுவும் மூணாவது தூணா?" என்பாள்.

குற்றவாளி யாரோ வெளியாள் என்றால் நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போகலாம். அக்காவின் புருஷனாகப் போய்விட்டார்.

மச்சானுக்குப் பாலத்து இரும்பைச் சேர்த்துப் பிடிக்கிற ரிவெட் ஆணிகளைத் தட்டிப் பார்க்கிற வேலை. இடுப்பில் பெல்ட் மாட்டித் தொங்கிக்கொண்டு, சின்னச் சுத்தியலால் ஒவ்வொரு ரிவெட்டாகத் தட்டுவார். கெட்டியாக இருந்தால் 'கிண்' என்று கேட்கும். ஆட்டம் கண்டிருந்தால் சத்தம் உள்ளேயே அமுங்கிவிடும். அமுங்கினால் சாக்பீஸால் ஒரு வட்டம். வட்டம் போட்ட ரிவெட்டை மாற்றுகிறவரை அந்தத் தூணில் பெயிண்ட் பிரஷ் படக் கூடாது. அடித்தால் குறை மறைந்துபோகும். இருபத்தெட்டு வருஷமாக அவர் போட்ட ஒரு வட்டமும் தப்பானதில்லை என்று பேர். அக்காவுக்கு மட்டும்தான் அந்தக் காதுமேல் மரியாதை கிடையாது. "நான் பத்து தடவை கத்தினாலும் கேக்காது. ஆத்து நடுவுல ஆணி அசைஞ்சா கேக்குமாம்."

ஆறு வருஷமாக, மேஸ்திரியின் ஆட்கள் சாரத்தை மூன்றாவது தூணுக்கு நகர்த்துகிற சமயம் பார்த்து, அதன் உச்சியில் முப்பது நாற்பது வட்டங்கள் முளைத்திருக்கும். சாரத்தைத் தூக்கிக்கொண்டு நான்காவதுக்குப் போக வேண்டியதுதான். மழைக்கு முன்னால் வட்டங்கள் காணாமல் போயிருக்கும். கேட்டால், "ஆள் வந்து சரி பண்ணிட்டுப் போயிட்டான் மாப்ளே" என்பார் மச்சான். அதற்குள் சாரம் எட்டாவது தூணைத் தாண்டியிருக்கும்.

அந்த உச்சியில்தான் ஒரு ஜோடி வல்லூறும் இருந்தது. கூடு என்று கட்டுவதில்லை. இரும்புத் தட்டில் சேர்ந்த மண்ணையும் பொடிக் கல்லையும் மார்பால் குழித்து முட்டை வைத்துவிடும். மத்தியானச் சாப்பாட்டு வேளையில் மச்சான் பைனாகுலரோடு நடைபாதையில் உட்கார்ந்துவிடுவார். "பொட்டைதான் பெருசு மாப்ளே. ஆண் அதுல முக்கால்வாசி. உங்க அக்காவும் நானும் மாதிரி." மேஸ்திரிக்கு அந்தப் பறவைகளைக் கண்டாலே ஆகாது. வானத்திலிருந்து கல் விழுகிற மாதிரி விழுந்து புறாவை அடிக்கும். பிய்ந்த இறகெல்லாம் காயாத பெயிண்டில் வந்து ஒட்டும். ஆனால் வட்டத்தையும் வல்லூறையும் சேர்த்து அவர் யோசித்ததில்லை. ரிவெட் விஷயத்தில் மச்சான் பொய் சொல்வார் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

இந்த வருஷம் மூன்று காரியம் ஒன்றாக வந்தது. மச்சான் வட்டம் போட்டு இறங்கின மறு மாதமே முழங்கால் வீங்கி, டாக்டர் ஏணியைத் தொடக்கூடாது என்றுவிட்டார். அவர் ரிட்டயர் ஆக இன்னும் மூன்று வாரம்தான் இருந்தது. போதாக்குறைக்குப் புதிதாக ஒரு இன்ஜினியரம்மா வந்து சேர்ந்தார். பழைய இன்ஜினியர் எதைச் சொன்னாலும் 'பார்ப்போம்' என்றே காலத்தை ஓட்டினவர். இந்த அம்மா நேராக மூன்றாவது தூணைப் பார்த்தார். "அடுத்த திங்கள் ரிவெட் ஆளுங்க வருவாங்க. அத்தனையும் அறுத்து மாத்திடலாம். அப்புறம் நீங்க பெயிண்ட் அடிங்க."

மேஸ்திரிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. எவ்வளவு சுரண்ட வேண்டும், எத்தனை உப்புத்தாள் வேண்டும் என்று கணக்குப் பார்க்க அந்த வாரமே ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஏறினார்.

உச்சியை எட்டியதும் வட்டங்களைப் பார்த்தார். எங்கோ இடித்தது. மச்சான் வலது கையில் சுத்தியலை வைத்துக்கொண்டு இடது கையால் வட்டம் போடுகிறவர். ஒவ்வொன்றும் நசுங்கின உருளைக்கிழங்கு மாதிரி இருக்கும். இங்கே வரிசையாக, மூடி வைத்து வரைந்த மாதிரி உருண்டை உருண்டையாக வட்டங்கள். சுத்தியலைக் கையிலேயே எடுக்காமல் போட்டவை. மேஸ்திரி சுரண்டியின் பிடியால் ஒன்றைத் தட்டினார். கிண். அடுத்ததும் கிண்.

"அடப்பாவி மச்சான்" என்று சொல்லி முடிப்பதற்குள் ஹெல்மெட்டில் 'டொக்' என்று ஓர் அடி. பெண் வல்லூறு அடித்துவிட்டு, ஒரு சுற்றுப் போட்டு மறுபடி வந்தது. மேஸ்திரி கம்பியோடு கம்பியாக ஒட்டிக்கொண்டார். நாலு முழம் தள்ளி, வெள்ளைப் பஞ்சுக்குள்ளிருந்து பழுப்புச் சிறகு முளைத்த நாலு குஞ்சுகள் வாயைத் திறந்து அவரைப் பார்த்துக் கத்தின.

ஆறு வருஷமாக மச்சான் காதில் பூச் சுற்றியிருக்கிறார். அவ்வளவு கோபத்தோடும் மேஸ்திரி இறங்கி, நேராக அக்கா வீட்டுக்குப் போனார்.

மச்சான் ஜன்னலோரம், காலை ஸ்டூல்மேல் தூக்கி வைத்துக்கொண்டு, தூரத்தில் தெரிகிற தூண் உச்சியைப் பார்த்தபடி கண்ணில் பைனாகுலரோடு உட்கார்ந்திருந்தார். நாலு நாள் சவரம் செய்யாத முகம்.

"சோறு இறங்கலடா இவருக்கு" என்றாள் அக்கா. "ரிவெட் ஆளுங்க வர்றாங்கன்னு கேட்டதுலேருந்து இப்படித்தான். ஊர்ல எல்லாரும் வேலையை விட்டா நிம்மதியாத் தூங்குவாங்க."

"நாலு குஞ்சு மாப்ளே" என்றார் மச்சான், திரும்பாமல். "திங்கக்கிழமை மெஷினைக் கொண்டுவந்து வெச்சா பயத்துலயே குதிச்சிடும். கீழ தண்ணி."

திட்டுவதற்காக வரிசையாக அடுக்கி வைத்திருந்த வார்த்தைகளை விட்டுவிட்டு மேஸ்திரி பக்கத்தில் உட்கார்ந்தார். இன்னொன்றும் புரிந்தது. ரிவெட் ஆட்கள் ஒரு தட்டுத் தட்டினால் போதும், குட்டு உடைந்துவிடும். இருபத்தெட்டு வருஷத்துப் பேர், கடைசி நேரத்தில் ஆற்றோடு போகும். வட்டத்தை அழிக்க ஏணி ஏறவும் முடியாது. இதை மச்சான் வாய்விட்டுச் சொல்லவில்லை. மேஸ்திரியும் ஏறிப் பார்த்ததைச் சொல்லவில்லை.

"எப்ப பறக்கும்?" என்று மட்டும் கேட்டார்.

"இன்னும் ரெண்டு வாரம்."

மறுநாள் காலையில் மேஸ்திரி இன்ஜினியரம்மாவின் மேஜைக்கு முன்னால் போய் நின்றார். "மேடம், ரெண்டாவது தூணுக்கும் மூணாவதுக்கும் நடுவுல சாரப் பலகை போற வழியெல்லாம் ப்ரைமர் அடிச்சிருக்கேன். ரிவெட் ஆளுங்க அதுமேலதான் போகணும், மிதிச்சா உரிஞ்சிடும். ரெண்டு வாரம் காயணும்."

"ரெண்டு வாரம் காயற ப்ரைமரா? எனக்குத் தெரியாம அது என்ன ப்ரைமர்?"

"ஆத்துக் காத்து மேடம். ஈரம்."

அந்த அம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார். "ஹெல்மெட்ல என்ன இவ்வளவு பெரிய கீறல்?"

"கதவுல இடிச்சுக்கிட்டேன்."

"ரெண்டு வாரம். அதுக்கு மேல ஒரு நாள் கிடையாது."

வெளியே வந்ததும் மேஸ்திரி ஆட்களை விரட்டினார். சொன்ன பொய்யை மெய்யாக்க வேண்டுமே. சாயங்காலத்துக்குள் அந்த இடம் முழுக்கச் சிவப்பு ப்ரைமர் அடித்தாயிற்று. ஆறு வருஷத்தில் மூன்றாவது தூணுக்கு இவ்வளவு பக்கத்தில் அவர் பிரஷ் போனது அதுதான் முதல் தடவை.

பத்தாம் நாள் முதல் குஞ்சு பறந்தது. மறுநாள் இரண்டு. மேஸ்திரி மத்தியானச் சாப்பாட்டை நடைபாதைக்குக் கொண்டுபோகத் தொடங்கியிருந்தார்; ஏன் என்று கேட்ட ஆட்களிடம் காற்று வாங்க என்றார். கடைசிக் குஞ்சு சோம்பேறி. தாய் புறாவைக் காலில் பிடித்துக்கொண்டு எதிரிலேயே வட்டமடித்து ஆசை காட்டியும் அசையவில்லை. பதின்மூன்றாம் நாள் அதுவும் குதித்தது. நேராகக் கீழே சரிந்து, போய்க்கொண்டிருந்த பஸ்ஸின் கூரையில் உட்கார்ந்து, ஓசியில் அக்கரை வரை போய், அங்கிருந்து எழும்பியது. மேஸ்திரி சாப்பாட்டு டப்பாவை அப்படியே போட்டுவிட்டுப் பஸ்ஸுக்குப் பின்னால் பாதிப் பாலம் ஓடினார்.

அன்று சாயங்காலம் மச்சானிடம் போய்ச் சொன்னார். மச்சான் பஸ் கதையை மூன்று தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார். மூன்றாம் தடவை கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அக்கா டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, "ரெண்டும் சேந்துடுச்சா? இனி விளங்கினாப்லதான்" என்று உள்ளே போனாள். மறுநாள் மச்சானுக்கு வேலையில் கடைசி நாள். அதற்கடுத்த நாள் ரிவெட் ஆட்கள் வருகிறார்கள்.

மச்சான் உள்பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொண்டார். குரல் இறங்கியது.

"மாப்ளே, உனக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"எப்பலேருந்து?"

"தலையில அடி வாங்கினதுலேருந்து."

மச்சான் முழங்காலைத் தடவிக்கொண்டார். பிறகு சொன்னார்: "நாளைக்குக் காலைல ஈரத் துணி எடுத்துக்கிட்டு மேல ஏறு. நாப்பத்தொண்ணு இருக்கும், எல்லாத்தையும் துடைச்சிடு. ஆத்துப் பக்கம், கீழ்வரிசைக் கடைசியில ரெண்டு மட்டும் விட்டுடு. அது ரெண்டும் நிஜமாவே லூசு."