ஐந்தாவது தோட்டா

வளைகுடாவில் ஒரு துப்பாக்கி கிளப்பில் எனக்கு டார்கெட் வேலை. சுடுகிற இடத்திலிருந்து ஐந்நூறு மீட்டர் தள்ளி, பெரிய மண்மேட்டின் முன்னால் ஒரு கான்கிரீட் பள்ளம். அதற்குள் இருந்துகொண்டு தாள் ஒட்டிய சட்டத்தை மேலே ஏற்றுவேன். சுட்டு முடிந்ததும் இறக்கி, எத்தனை ஓட்டை, எங்கெங்கே என்று வாக்கிடாக்கியில் சொல்வேன். சுடுவதற்கு முன் மேட்டில் ஏறி, பின்பக்கம் ஆளோ ஒட்டகமோ இல்லை என்று பார்த்துச் சொல்வதும் என் பொறுப்பு.

உறுப்பினர்களில் ஓர் அரபியை நாங்கள் அர்பாப், அதாவது முதலாளி, என்று கூப்பிடுவோம். கடைத் தோட்டா அவருக்கு ஆகாது. உரிமம் வாங்கி, கிளப்பின் பூட்டிய அறையில் வெடிமருந்தைத் தராசில் நிறுத்து, தோட்டாவைத் தானே தயாரிப்பார். வாராவாரம் மருந்தின் அளவைத் துளி மாற்றிக்கொண்டு வந்து ஐந்தைந்தாகச் சுட்டுப் பார்ப்பார். தாளில் ஐந்தும் ஒட்டி விழ வேண்டும் அவருக்கு. மாதக்கணக்காக அது நடக்கவில்லை.

குளிர்காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், மேட்டில் ஏறிப் பார்த்தேன். ஒட்டகங்கள் தொலைவில் புள்ளிகளாக நின்றன. "கிளியர்" என்று சொல்லிவிட்டுப் பள்ளத்தில் இறங்கினேன். தலைக்கு மேல் சாட்டை சொடுக்கியதுபோல் ஐந்து முறை சத்தம் போனது. தாளை இறக்கினால் நான்கு ஓட்டைதான்.

"அர்பாப், சார் ஹை. ஏக் மாஃபி" என்றேன். நான்குதான், ஒன்றைக் காணோம்.

வாக்கியில் அவர் குரல் வந்தது. "பின்னால் போய்ப் பார். ஜல்தி."

மருந்து கூடிப்போய்த் தோட்டா மேட்டைத் தாண்டியிருந்தால்? கிளியர் சொன்னவன் நான். ரேஞ்சைக் கவனித்துக்கொள்ளும் கீழக்கரை பாய் வண்டியோடு வந்தார்.

"நெசமா நல்லாப் பாத்தியா?"

"பாத்தேன் பாய். தூரமாத்தான் நின்னுச்சு. அல்லா மேல சத்தியமா."

"நீ ஏண்டா அல்லா மேல சத்தியம் பண்ற? ஏறு வண்டில."

மேட்டைச் சுற்றிப் பின்பக்கம் போனோம். ஒட்டகங்கள் மேட்டுக்கு வெகு அருகில் வந்திருந்தன. அதில் ஒன்று கழுத்தை மணலில் நீட்டி, ஒருக்களித்துக் கிடந்தது. பாய் பிரேக்கை மிதித்தார். ஜெயில், ஊர், அம்மாவுக்கு யார் போன் பண்ணிச் சொல்வது என்றெல்லாம் மனம் ஓடியது.

இறங்கி நடந்தேன். காலடிச் சத்தத்துக்கு அந்த ஒட்டகம் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது. அசை போட்டது. மறுபடியும் படுத்துக்கொண்டது.

புதருக்கு அந்தப்பக்கம் மேய்க்கிற பாகிஸ்தான் சிந்திக்காரர் டீ ஊற்றிக்கொண்டிருந்தார். "க்யா ஹுவா, என்னாச்சு? அது வெயில் காயுது. எதுக்கு எழுப்புற?" என்று இந்தியில் கடிந்துகொண்டார். அவருக்கும் ஒன்றுமில்லை, எந்த ஒட்டகத்துக்கும் ஒன்றுமில்லை. நான் மணலிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் தன் டீயை என் கையில் கொடுத்தார்.

நாங்கள் திரும்பியபோது அர்பாப் பள்ளத்தருகே நின்றிருந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. பாய் கையை உயர்த்தி "எல்லாம் நல்லா இருக்கு" என்று அரபியில் கத்தினார். "அல்ஹம்துலில்லாஹ்" என்று கண்ணை மூடிக்கொண்டார் அவர். அதற்குப் பிறகுதான் தாளைக் கேட்டார்.

வண்டியின் பானெட்டில் தாளை விரித்தோம். மருந்தேற்றாத குண்டு ஒன்றை எடுத்து ஒவ்வொரு ஓட்டையிலும் நுழைத்துப் பார்த்தார். மூன்றில் இறுக்கமாக நின்றது. நான்காவதில் ஒரு பக்கம் இடைவெளி விட்டு ஆடியது. ஓட்டையின் விளிம்பு முட்டை வடிவில் இருந்ததை அப்போதுதான் நானும் பார்த்தேன்.

"ஒரே ஓட்டையில ரெண்டு போயிருக்குடா. அஞ்சும் ஒட்டித்தான் விழுந்திருக்கு" என்றார் பாய்.

அர்பாப் முதலில் சிரிக்கவில்லை. தாளைத் தூக்கி வெயிலுக்கு எதிரே பிடித்துப் பார்த்தார். பிறகு பாயின் தலையைப் பிடித்து நெற்றியில் முத்தம் கொடுத்தார், என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். மிச்சத் தோட்டாக்களைச் சுடாமலே பெட்டியில் அடுக்கினார். "கலாஸ். இன்னைக்குப் போதும்."

மத்தியானம் பாய் வீட்டிலிருந்து சோறும், பாய் ஆணம் என்று சொல்லும் மீன்குழம்பும் வந்திருந்தன. அவர் பங்கையும் சேர்த்து நானே தின்றுவிட்டேன். பாய் சோற்றுச் சட்டியை என் பக்கம் தள்ளிவைத்தார்.