கடல் அமைதி, வாருங்கள்

ஹோட்டல் கந்தோரில் கிளாக்கர் வேலை என்பது, நல்ல காலத்தில் "இடமில்லை, மன்னிக்கவும்" என்று அடிப்பதும் கெட்ட காலத்தில் "எல்லாம் சுகம், வாருங்கள்" என்று அடிப்பதும்தான். முதலாவதை எத்தனை முறை அடித்தேன் என்று கைவிரலில் எண்ணிவிடலாம். இரண்டாவதை அடித்து அடித்து டைப்ரைட்டரில் சில எழுத்துகளே தேய்ந்துபோயின. பிறர் சொல்லச் சொல்லக் கடிதம் அடித்து, அடியில் பிறர் கையெழுத்துப் போடுவதைப் பார்த்துக்கொண்டு நின்ற கிளாக்கர்மாரே, டைப்பிஸ்ட்மாரே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்கு இது விளங்காது. விளங்கினாலும் நம்பமாட்டார்கள்.

வானமும் கடலும்

பத்தொன்பது வயதில் திருகோணமலைத் துறைமுகத்தில், வெள்ளைக்காரக் கடற்படையின் களஞ்சியத்தில் எனக்கு வேலை கிடைத்தது. இரண்டு வருடம்கூட ஆகவில்லை, ஐம்பத்தேழில் தளத்தைக் கையளித்துவிட்டு அவர்கள் கப்பலேறிவிட்டார்கள். அவர்களோடு தையல்காரரின் தொழில் போனது, சலவைக்காரரின் தொழில் போனது, பாண் போட்ட பேக்கரிகள் பாதி மூடின. நான் பத்து வருடம் கிடைத்ததையெல்லாம் செய்தேன். பிறகு சாம்பல்தீவுக்கு அப்பால் கடற்கரையில் ஒரு முதலாளி முப்பது அறையோடு ஹோட்டல் கட்டி, உல்லாசப் பயணிகள் வருவார்கள் என்றார். வேலைக்குச் சேர்ந்தவர்கள் எல்லோரும் கடற்படை விட்டுப்போன மிச்சங்கள். மனேஜர் குணரத்தினம் நேவிக் கன்ரீனில் நின்றவர். குசினிக்குப் பொறுப்பான பியதாச, தெற்கே சிங்கள ஊரொன்றில் பிறந்து, மாலுமிகளுக்குச் சமைக்க வந்து, இங்கேயே பெண் எடுத்து நின்றுவிட்டவர். ஒருமுறை பிழைப்பைப் பறிகொடுத்த நாங்கள் இரண்டாம் முறையும் பறிகொடுக்கக் கூடாது என்று ஒட்டிக்கொண்ட இடம் அது. அதற்கு ஐரோப்பாவிலிருந்து ஆட்கள் வரவேண்டும், அவர்கள் வருவதற்கு என் கடிதத்தை நம்பவேண்டும்.

சேர்ந்த கிழமையே ஒரு ஜெர்மன்காரர் நாட்டு நிலவரம் என்ன என்று கேட்டு எழுதியிருந்தார். நானும் பொறுப்புள்ள பிள்ளையாக, வேலைநிறுத்தம், அரிசித் தட்டுப்பாடு, பாலம் உடைந்த றோட்டு என்று இரண்டு பக்கத்துக்கு அடித்துக் கொண்டுபோய் நீட்டினேன். மனேஜர் மூக்குக் கண்ணாடியைப் போட்டு முழுவதையும் வாசித்தார். பிறகு நாலாய்க் கிழித்துக் கூடையில் போட்டார்.

"தம்பி, வானத்தைப் பற்றி எழுது, கடலைப் பற்றி எழுது. இடையிலை கிடக்கிற நிலத்தைப் பற்றி ஒரு சொல்லும் எழுதாதை."

போர்த்துக்கலில் இருந்து வந்தவர்

எழுபத்தோராம் ஆண்டு சித்திரையில், சீசன் தொடங்கிய அன்றே என்று சொல்லலாம், தெற்கில் இளைஞர்கள் கிளர்ச்சி செய்தார்கள். நாடு முழுக்க ஊரடங்கு. எங்கள் பக்கம் ஒன்றும் நடக்கவில்லை என்று நான் கடல், வானம் எல்லாம் போட்டு எழுதினேன். ஆனால் பேப்பரில் சுடப்பட்ட பிள்ளைகளின் படம் பார்த்தவர்களுக்கு என் கடல் எங்கே கண்ணில் படப்போகிறது? ஆனி மாதம் அறைகள் வெறிச்சோடிக் கிடந்தபோது, ஆட்களை அனுப்பும் ஐரோப்பியக் கம்பனி ஒன்றின் அதிகாரி நேரில் பார்க்க வருவதாகத் தந்தி வந்தது. வெறும் ஹோட்டலைக் கண்டால் அடுத்த வருடமும் அனுப்பமாட்டார்கள் என்று மனேஜர் தலையில் கைவைத்தார். பிறகு என்னை நகரத்துக்கு அனுப்பிப் வெள்ளைக்காரர் வழிவந்த பறங்கிக் குடும்பங்கள் மூன்றைக் கூட்டிவரச் சொன்னார்.

அவர்களில் ஒருவரான அல்பிரட் என்னோடு கடற்படைக் களஞ்சியத்தில் இருந்தவர். நல்ல வெள்ளைத் தோல், பூனைக்கண். கடற்படை போன நாளிலிருந்து நிரந்தர வேலை இல்லை. பகல் சாப்பாடு உண்டு என்றதும் மனைவியும் மூன்று பிள்ளைகளும் தொப்பியோடு பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். கடற்கரைக் குடைகளின் கீழ் நாள் முழுக்க உட்கார்ந்தார்கள். பிள்ளைகள் இறைச்சியைச் சாப்பிட்ட வேகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. உல்லாசப் பயணிகள் அப்படிச் சாப்பிடமாட்டார்கள் என்று மனேஜர் என் காதில் முணுமுணுத்தார். அதிகாரி அல்பிரட்டிடம் போய், எங்கிருந்து வருகிறீர்கள் சேர் என்று கேட்டார். போர்த்துக்கல் என்று பதில் வந்தது. அவர் திருப்தியோடு குறித்துக்கொண்டார். பின்னேரம் பஸ்ஸுக்கு நிற்கும்போது, மச்சான், இப்படிப் பச்சைப் பொய் சொல்லலாமா என்று கேட்டேன்.

"பொய் எங்கை சொன்னனான்? போர்த்துக்கலிலை இருந்துதான் வந்தனாங்கள். வந்து நானூறு வருசமாச்சோ எண்டு அவன் கேக்கேல்லையே."

ஆளில்லாத இடத்துச் சமையல்

எழுபத்தேழு ஆவணியில் கலவரத்தின் அடி எங்கள் தமிழ் ஆட்கள்மேலேயே விழுந்தது. மலைநாட்டிலும் தெற்கிலும் வீடு எரிந்தவர்கள் லொறிகளில் திருகோணமலைக்கு வந்தார்கள். நகரப் பள்ளிக்கூடம் ஒன்றில் வாங்கு, மேசை எல்லாவற்றையும் வெளியே போட்டுவிட்டு அவர்களைப் படுக்க வைத்தார்கள். இங்கே ஹோட்டலில் முப்பது அறையும் வெறுமை, வெள்ளைத் துப்பட்டி விரித்தபடி. நான் மனேஜரிடம் போய், பிள்ளைத்தாய்ச்சிகளையாவது கொண்டுவந்து விடுவோமா என்று கேட்டேன். அவர் மோசமான மனிதரில்லை. ஒருமுறை அகதி முகாம் என்று பெயர் வந்தால் பிறகு ஹோட்டல் என்று யாருக்கும் எழுத ஏலாது, நீயும் நானும் பியதாசவும் தெருவில்தான் என்றார். நான் இரண்டாம் முறை கேட்கவில்லை. அதற்காக இன்றுவரை வெட்கப்படுகிறேன்.

அந்தக் கிழமை ஒரு பயணக் கூட்டம் வருவதாக இருந்தது. வராது என்று தந்தி கிடைத்தபோது, கிண்ணியாவிலிருந்து மீன்காரர் காதர் நானா தோணியில் கொண்டுவந்து தந்த பாரை மீன் அத்தனையும் அடுப்பில் வெந்துகொண்டிருந்தது. பியதாசவும் நானும் கிடாரங்களை ஹோட்டல் லொறியில் ஏற்றிப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனோம். தேயிலைத் தோட்டத்து மனுசி ஒருத்தி, இடுப்பில் குழந்தையோடு, கோப்பையை நீட்டினாள். எங்கே சமைத்தது என்று கேட்டாள், ஹோட்டலில் என்றேன். அங்கே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேட்டாள், இப்போது ஒருவருமில்லை என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அவள் கோபப்படவில்லை. உண்மையாகவே விளங்காமல்தான் கேட்டாள்.

"ஆளே இல்லாத எடத்துலயா இம்புட்டுச் சமைச்சீங்க?"

சுவரில் போட்ட கோடு

இந்த இடத்தில் பீட்டர் ஐயாவைச் சொல்லவேண்டும். ஒல்லாந்துக்காரர். அங்கே கடலோரத்தில் அவருக்கும் ஏழெட்டு அறையோடு ஒரு விடுதி இருந்தது. தன் ஊர்ச் சீசன் தொடங்கமுன் சித்திரையில் மனைவி அன்னாவோடு எங்களிடம் வருவார். முதல் நாள் நான் பியதாசவிடம் "கந்தோருக்கு வா" என்று சொன்னதைக் கேட்டுவிட்டு, கந்தோர் என்பது எங்கள் ஒல்லாந்துச் சொல் அல்லவா என்று சிரித்தவர், அன்றிலிருந்து என்னோடு சிநேகம். அவருடைய ஊரிலும் ஒரு மாரிகாலத்தில் கடல் அணையை உடைத்துக்கொண்டு உள்ளே வந்ததாம். ஊர் அழிந்ததாம். பிறகு அணையைக் கட்டி, வீட்டைக் கட்டி, தண்ணீர் நின்ற உயரத்துக்குச் சுவர்களில் ஒரு கோடும் போட்டு வைத்தார்களாம். அந்தக் கோட்டைப் பார்க்கவே பயணிகள் வருகிறார்களாம். அவர் சொன்ன இதை எங்கள் மனேஜர் நம்பவே இல்லை.

எழுபத்தெட்டுக் கார்த்திகைச் சூறாவளி தெற்கே மட்டக்களப்பைத் தின்றுவிட்டு, வால் நுனியால் எங்களையும் தட்டியது. ஓடுகள் பறந்தன, சாப்பாட்டு மண்டபத்தில் முழங்காலளவு கடல் நின்றது. மறைக்காதீர்கள், கோடு போடுங்கள் என்று பீட்டர் ஐயா எழுதினார். அடுத்த சீசனுக்கு ஒரு அறையும் பதிவாகவில்லை என்பதால் மனேஜர் சம்மதித்தார். பியதாச நீலச் சாயத்தை எடுத்து நெஞ்சளவுக்கு ஒரு கோடு இழுத்தார். இவ்வளவு தூரம் வாறவங்களுக்கு முழங்கால் தண்ணியையோ காட்டுறது என்பது அவருடைய நியாயம். எனக்கும் அது பிழையாகப் படவில்லை. சித்திரையில் பீட்டர் ஐயா வந்தார், கோட்டைத் தடவினார். பக்கத்தில் நின்ற அலுமாரியின் கால்களில் உப்புப் படிந்திருந்த உயரத்தையும் குனிந்து பார்த்தார். கதிரையை இழுத்து இருந்துகொண்டார். அவர் இங்கிலிஷில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

"அதைக் கீழே இறக்குங்கள். எங்கள் வீட்டுக் கோடு அந்த வெள்ளத்தில் போன என் தம்பியின் தலைக்கு மேலே இருக்கிறது, அதை நாங்கள் ஒரு விரலளவுகூட ஏற்றவில்லை."

ஆறாம் அறை

கோட்டை இறக்கினோம். அடுத்த சித்திரையிலிருந்து அவர் ஊராரையும் சேர்த்துக்கொண்டு வந்தார். வருடா வருடம் பன்னிரண்டு அறை அவருடைய கூட்டத்துக்கே போய்விடும். அவர் வருகிறார் என்றால் ஹோட்டல் திறக்கும், ஹோட்டல் திறந்தால் மற்றவர்களும் ஒவ்வொருவராய் வருவார்கள். எங்கள் பிழைப்பே அந்த மனிதரின் நம்பிக்கையில் தொங்கியது என்றால் மிகையில்லை.

எண்பத்துமூன்று ஆடி. தமிழருக்கு நடந்தது உங்களுக்குத் தெரியும், நான் விரிக்கவில்லை. இருந்த வெள்ளைக்காரர்களைக் காவலோடு பஸ்ஸில் ஏற்றி அனுப்பினார்கள். நகரத்தில் கடைகள் எரிந்தன, எங்கள் தெருவில் என் வீட்டின் கூரையும் எரிந்தது. மனைவியையும் இரண்டு பெண் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, நடந்தும் ஓடியும் ஹோட்டலுக்கு வந்தேன். மனேஜர் படியில் நின்றார். ஆறு வருடத்துக்கு முன் அவர் சொன்னது எனக்கு நினைவிருந்தது, அவருக்கும் இருந்திருக்கும். ஆறாம் அறைத் திறப்பை என் கையில் வைத்தார். பியதாச அடுப்பை மூட்டிப் பிள்ளைகளுக்குக் கஞ்சி வைத்தார். அவரை ஊருக்கு வரச் சொல்லித் தெற்கிலிருந்து தமையன்மார் ஆள்மேல் ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார்கள், அவர் அசையவில்லை.

புரட்டாதியில் பீட்டர் ஐயாவின் கடிதம் வந்தது. பேப்பரில் வேறு கதை போடுகிறார்கள், சித்திரைக்கு வரலாமா, நீங்கள் எழுதுவதைத்தான் நம்புவேன் என்று என் பெயருக்கே எழுதியிருந்தார். பியதாசவுக்குச் செய்தி எட்டிவிட்டது. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு கந்தோர் வாசலில் வந்து நின்றார்.

"கிளாக்கர், நல்லதாய் எழுதுங்கோ. அவர் வந்தால்தான் எனக்குக் குசினி. இல்லாட்டி ஊருக்குப் போ எண்டுவாங்கள், எனக்கு ஊர் இதுதானே."

கடைசியாக அடித்த கடிதம்

மனேஜர் வழக்கம்போலச் சொன்னார், நான் வழக்கம்போல அடித்தேன். கடல் அமைதி, வானம் தெளிவு, அறைகள் தயார். அவர் கையெழுத்துப் போட்டார். கடித உறையை ஒட்டமுன் ஆறாம் அறைப் பக்கம் பார்த்தேன். சின்னவள் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு பகலிலும் கட்டிலுக்குக் கீழேதான் படுத்திருந்தாள். வெளியே ஏதாவது வாகனம் நின்றால் போதும், கீழே போய்விடுவாள். பேனையை எடுத்து அடியில் எழுதினேன்: "ஐயா, ஆறாம் அறையில் என் மனைவியும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். எங்கள் வீட்டுக்குக் கூரை இல்லை. மேலே அடித்திருப்பதை நம்பி வராதீர்கள்." பதினைந்து வருடத்தில் நான் நிலத்தைப் பற்றி எழுதி அனுப்பியது அதுதான். அந்த மூன்று வரியால் பியதாசவின் அடுப்பை அணைக்கிறேன் என்று தெரிந்தே எழுதினேன். தபாலில் போட்டுவிட்டு நேரே குசினிக்குப் போய் அவரிடம் சொல்லியும் விட்டேன். அவர் என்னை ஏசியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். வெட்டிக்கொண்டிருந்த வெங்காயத்தை முழுவதும் வெட்டி முடித்தார், அவ்வளவுதான்.

கார்த்திகையில் இரண்டு உறைகள் ஒரே நாளில் வந்தன. ஹோட்டலுக்கு வந்ததில் பன்னிரண்டு அறையும் வேண்டாம் என்று ஒரு வரி. மனேஜர் அதை வாசித்துவிட்டு, கடிதக் கோவையில் போடு என்று என்னிடம் தந்தார். ஏன் என்று கேட்கவில்லை, என் முகத்தையும் பார்க்கவில்லை. அடுத்த கிழமை முதலாளியின் ஆள் வந்து அறைகளைப் பூட்டினார். பியதாச ஒரு தகரப் பெட்டியோடும் மனைவியோடும் தெற்கே போகும் பஸ் ஏறினார். முப்பது வருடம் இருந்த மனிதருக்கு எடுத்துப்போக அவ்வளவுதான் இருந்தது. ஏறும்போது என் பிள்ளைகளுக்கென்று ஒரு பொதி சோறு தந்துவிட்டுப் போனார்.

மற்ற உறை என் பெயருக்கு வந்தது. அன்னாவின் கையெழுத்தில் பிள்ளைகளின் பெயரும் வயதும் கேட்டிருந்தது. அடியில் பீட்டர் ஐயா எழுதியிருந்தார்.

"நாங்கள் வரவில்லை. எங்கள் விடுதி மாரிகாலம் முழுவதும் வெறுமையாகத்தான் கிடக்கும், நீங்கள் நாலுபேரும் வாருங்கள்."

உலகத்தார் எல்லோரையும் வாருங்கள் வாருங்கள் என்று கூப்பிட்டே வயது போன ஒரு கிளாக்கருக்கு அந்தத் தொழிலில் கிடைத்த ஒரே பதவி உயர்வு கடைசியில் தானே விருந்தாளி ஆனதுதான், ஒல்லாந்து நாட்டுக் கடதாசிகளில் அதற்கு வேறு பெயர் போட்டிருந்தாலும்.