மாஸ்டர் தேநீர் கேட்கிறார்

பீர் பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்து, குழல் விளக்குக்கு நேரே பிடித்து, ஒற்றைக் கண்ணால் பார்க்கிறார் மிலுன். அடியில் ஏதோ மிதக்கிறதாம். அதோடு விடுகிறாரா என்றால் இல்லை. பெட்டியிலிருக்கும் மற்ற பாட்டில்களையும் ஒவ்வொன்றாக உருவிக் கவிழ்க்கிறார். பின்னால் ரொட்டி வாங்க வந்தவர்கள் நிற்கிறார்கள். கல்லாவில் கோர்தானா கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறாள். காலி பாட்டில் பையைத் தூக்கிக்கொண்டு, கை கடுக்கக் கதவோரம் நிற்பவள் தெசங்கா. அந்த மனிதரைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவளுக்கு வாய்த்த இடம் கதவோரம்தான்.

"மாஸ்டர், இது ஃபாக்டரியிலேர்ந்து மூடி போட்டு வர்றது. நான் உள்ள இறங்கி ஒண்ணும் பண்ணல" என்கிறாள் கோர்தானா.

"காரும்தான் ஃபாக்டரியிலேர்ந்து வருது. அதுக்காக பிரேக்கைப் பார்க்காம ஏறுவியா?"

கோர்தானா பதில் சொல்வதில்லை. சொன்னால் ரொட்டி வாங்க வந்தவர்கள் மதியச் சாப்பாட்டுக்குத்தான் வீடு போய்ச் சேர்வார்கள்.

மொராவா ஆற்றங்கரையில் இருக்கும் இந்தச் சின்ன ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் மிலுன். அதனால் ஊரே அவரை மாஸ்டர் என்கிறது. வாழ்நாள் முழுக்க ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தன் பக்கத்துத் தனி பிரேக்கை மிதித்து மிதித்து, அந்த வலது கால் இப்போது அவர் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. தொலைக்காட்சியில் யாராவது வேகமாக ஓட்டினால் மிதிக்கும். மாப்பிள்ளை அவசரப்பட்டுப் பேசினால் மிதிக்கும். கோயிலில் பாதிரியார் பாட்டை முடுக்கினாலும் மிதிக்கும். சாப்பாட்டு மேஜைக்கு அடியில் அவர் கால் படுகிற இடத்தில் கம்பளம் நூல் நூலாகத் தேய்ந்து கிடக்கிறது. தெசங்கா கம்பளத்தைத் திருப்பிப் போட்டாள். இப்போது மறு பக்கமும் தேய்ந்துவிட்டது.

குடிகாரர் என்று நினைத்துவிடாதீர்கள். வண்டி ஓட்டுகிறவர், குடிப்பது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்துக்குத்தான் இத்தனை பாடு. பீர் கோர்தானா கடையில். வெள்ளை ஒயின் குன்றின் மேல் இருக்கும் யெலென்கோவின் நிலவறையில். பீப்பாயிலிருந்து அவன் எடுத்துக் கொடுப்பதை வாயில் போட்டு உருட்டி, வாளியில் துப்பிவிட்டு, பீப்பாயைச் சோப்புப் போட்டுக் கழுவினாயா என்று அவன் முகத்துக்கு நேரே கேட்பார். பிளம் சாராயம் என்றால் பாட்டிலைக் குலுக்கி, மேலே கட்டுகிற குமிழி மாலை எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்ப்பார். பிறகு ஒரு சொட்டை உள்ளங்கையில் தேய்த்து முகர்வார். உதட்டைப் பிதுக்குவார். போன வருஷம் இதைவிட நன்றாயிருந்தது என்பார். போன வருஷமும் இதையேதான் சொன்னார். சொல்லிவிட்டு அங்கேயேதான் வாங்குவார். இந்த மனிதரோடு கடைக்குப் போவதைவிட மூட்டை தூக்கப் போகலாம் என்று தெசங்கா தன் தங்கையிடம் சொல்லி அழுதிருக்கிறாள்.

நவம்பரில் இந்தப் பாடு உச்சத்துக்குப் போகும். அவர்கள் வீட்டுப் புனிதரின் நாள் அப்போதுதான் வருகிறது. ஸ்லாவா என்கிற அந்த நாளில் விடியும்போது மெழுகுத்திரி ஏற்றி, பாதிரியார் வந்து ரொட்டியை அறுத்து ஒயின் ஊற்றிவிட்டுப் போனால், அப்புறம் நாள் முழுக்கக் கதவு திறந்தே இருக்கும். அந்த நாளுக்கு யாரையும் அழைப்பதில்லை. வருகிறவர் வருவார். வராதவரைப் பற்றிக் கேட்பதும் கிடையாது.

வராதவர் ஒருவர் இருக்கிறார். ஒப்ராத். இவர்கள் கல்யாணத்தில் மோதிரம் ஏந்தி நின்றவர், இவர்கள் மகளுக்கு ஞானஸ்நானத்தில் பெயர் வைத்தவர். அப்படிப்பட்டவரை எங்கள் ஊரில் கூம் என்போம். கூடப் பிறந்தவனோடு சண்டை போட்டால் ஊர் மன்னிக்கும், கூமோடு போட்டால் மன்னிக்காது. சில வருஷங்களுக்கு முன்னால் டாக்டர் ஒப்ராத்தைக் குடியை அடியோடு விடச் சொல்லிவிட்டார். அந்த ஸ்லாவாவில் மிலுன் ஊற்றி நீட்டிய சாராயத்தை ஒப்ராத் தொடவில்லை. மிலுனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. வீடு நிறைந்த விருந்தாளிகளுக்கு முன்னால், என் புனிதருக்காக ஒரு மடக்குக் குடிக்காதவன் எனக்கு என்ன கூம் என்று கேட்டுவிட்டார். ஒப்ராத் தொப்பியை எடுத்துக்கொண்டு போனவர்தான்.

ஒவ்வொரு வருஷமும் தெசங்கா அவருக்கும் தட்டு வைக்கிறாள். ஒவ்வொரு வருஷமும் அதைச் சுத்தமாகவே எடுத்து அலமாரியில் வைக்கிறாள். ஒரு தடவை போய் மன்னிப்புக் கேளேன் மனுஷா என்று கெஞ்சியும் பார்த்துவிட்டாள், பாத்திரத்தைப் போட்டு உடைத்தும் பார்த்துவிட்டாள். பீர் பாட்டிலோடு அரை மணி நேரம் பேசுகிற வாய், அந்தப் பேச்சை எடுத்தால் மட்டும் ஒட்டிக்கொள்ளும். மேஜைக்கு அடியில் கால்தான் மிதிக்கும்.

இந்த வருஷம், திருநாளுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, பீர்ப் பெட்டியை ஒருவழியாக ஒப்புக்கொண்ட மிலுன் கல்லாவுக்கு முன்னால் நின்று, கடை முழுக்கக் கேட்கிற குரலில், தேயிலை இருக்கிறதா என்றார்.

கோர்தானா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "வீட்ல யாருக்கு உடம்பு சரியில்ல?"

எங்கள் பக்கம் தேநீர் என்பது காய்ச்சலுக்கு, வயிற்றுப்போக்குக்கு, பத்தியத்துக்கு. நல்ல உடம்போடு இருப்பவன் காப்பி குடிப்பான். யாருக்கும் ஒன்றுமில்லை என்றார் மிலுன். அவள் எடுத்து வைத்த புதினாப் பொட்டலத்தையும் சாமந்திப்பூப் பொட்டலத்தையும் முகர்ந்து பார்த்து, வைக்கோல் என்று தள்ளினார். தள்ளியதையே வாங்கிக்கொண்டு வெளியே வந்தார்.

அதோடு நிற்கவில்லை. மருந்துக் கடைக்குப் போய்க் கேட்டார். பேருந்து நிலையத்துப் பெட்டிக்கடையில் கேட்டார். ஒயின் எடுக்கப் போன இடத்தில், நிலவறையில் நின்றுகொண்டு, உன்னிடம் தேயிலை கிடைக்குமா என்று யெலென்கோவையே கேட்டார். அவன் கையிலிருந்த குவளையைக் கீழே வைத்துவிட்டு மிலுனின் கண்களை உற்றுப் பார்த்தான், மஞ்சள் தட்டியிருக்கிறதா என்று. தெசங்காவுக்கு மானம் போயிற்று. முதல் கடையில் வாங்கியாயிற்றே, இன்னும் எதற்கு என்று வழியெல்லாம் கேட்டாள். எதுவும் சரியில்லை என்பதே பதில்.

கடைசியாகப் பெரிஷாவின் மதுக்கடை. பெரிஷாவின் காதில் விழுந்தது ஆற்றின் அக்கரைக்கும் போய்ச் சேர்ந்துவிடும். மிலுன் தேநீர் கேட்டதும் பெரிஷா சிரித்துக்கொண்டே உள்ளே போய், சர்க்கரையைக் கருக்கிச் சாராயம் ஊற்றிக் காய்ச்சிக் கொண்டுவந்தான். குளிர் காலத்தில் எங்கள் ஊர்க்காரர்கள் அதைத்தான் செல்லமாகத் தேநீர் என்பார்கள். மிலுன் குவளையைத் திருப்பி அவன் பக்கமே நகர்த்தினார்.

"நிஜத் தேநீர். காலையில பேப்பர் படிக்க வர்றவங்க குடிப்பாங்களே, எலுமிச்சம்பழம் போட்டு. அது என்ன தேயிலை?"

காலையில் அங்கே உட்கார்ந்து பேப்பர் படித்து, எலுமிச்சம்பழம் போட்ட தேநீர் குடிக்கிற ஆள் ஊரிலேயே ஒருவர்தான். தெசங்கா பையைத் தரையில் வைத்தாள். பெரிஷா அது ருஷ்யத் தேயிலை என்றான். அது வேண்டும், ஸ்லாவாவுக்கு, என் வீட்டில் நாள் முழுக்கத் தேநீர் இருக்கும் என்று மிலுன் ஒவ்வொரு வார்த்தையாக, மந்தமான மாணவனுக்குச் சொல்வது போலச் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் தெசங்கா பொட்டலங்களை மேஜையில் கொட்டினாள்.

"ஒப்ராத்துக்குன்னா ஒப்ராத்துக்குன்னு சொல்லித் தொலையேன். அடுத்த தெருதானே, போய்க் கூப்பிட்டுட்டு வா."

"ஸ்லாவாவுக்கு யாராவது கூப்பிடுவாங்களா?"

"மன்னிப்புக் கேக்கிறதுக்குமா தடை?"

அவர் பொட்டலங்களை உயர வாரியாக அடுக்கினார். "வீட்ல தேநீர் இருக்குன்னு அவனுக்குத் தெரிஞ்சா போதும். பெரிஷா சொல்லுவான்."

சுற்றி வளைத்து மூக்கைத் தொடுவதற்கும் ஓர் அளவு உண்டு. ஊரெல்லாம் அலைந்து, என் காலையும் ஒடித்து, இந்த ஒரு செய்தியை அடுத்த தெருவுக்கு அனுப்பியிருக்கிறாரே என்று அவளுக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. அந்த எரிச்சலோடேயே ஒப்ராத்தின் தட்டை அலமாரியிலிருந்து எடுத்துத் துடைத்து வைத்தாள். பிறகு அடுப்பைக் கிளறப் போனாள்.

பெரிஷா சொல்லத்தான் செய்தான். ஆனால் தான் நினைத்ததைச் சொன்னான். மறுநாள் பக்கத்து வீட்டுக்காரி ஒரு ஜாடித் தேனோடு வந்து, தெசங்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, எப்போதிலிருந்து என்று கேட்டாள். கோர்தானா பீர்ப் பெட்டியைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன் என்று ஆள் அனுப்பினாள். கல்லீரல் என்றது ஒரு தெரு, வயிறு என்றது இன்னொன்று. எனக்கு ஒன்றுமே இல்லை என்று மிலுன் வீதியில் நின்று கத்தினார். பாவம், குடும்பத்துக்காக மறைக்கிறார் என்றார்கள். காரில் மாணவர்கள் எள் அளவும் எதிர்த்துப் பேசவில்லை. அதுதான் அவரை உண்மையிலேயே நோயாளியாக்கப் பார்த்தது.

"பெருமையா அனுப்பினியே தூது, போய்ச் சேர்ந்த லட்சணத்தைப் பாரு" என்றாள் தெசங்கா.

திருநாள் அன்று கூட்டம் வழக்கத்தைவிட அதிகம். கடைசி ஸ்லாவா என்று நினைத்து வந்தவர்கள்! முட்டைக்கோஸ் இலையில் சுற்றிய கறியைத் தின்றுகொண்டு மெல்லப் பேசினார்கள். வீட்டுக்காரர் அன்றைக்கு உட்காரக்கூடாது, நின்று பரிமாற வேண்டும் என்பது முறை. வந்தவர்களோ உட்காரு மாஸ்டர், உட்காரு மாஸ்டர் என்று அவர் உயிரை எடுத்தார்கள். மேஜையின் நடுவில், விளக்கின் வெளிச்சத்தில், அவர் காலையிலேயே அடுப்பிலேற்றி மறந்துபோய், மதியம்தான் இறக்கி வைத்த தேநீர்க் கெண்டி இருந்தது. எல்லாரும் அதைப் பார்க்காத மாதிரி பார்த்தார்கள்.

மதியம் சாய்கிற நேரத்தில் ஒப்ராத் வாசலில் நின்றார். கறுப்புக் கோட்டு. கையில் ஒயின் இல்லை. ஒரு பை நிறைய ஆரஞ்சுப் பழம். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது நாங்கள் வாங்கிப் போவது அதைத்தான்.

மேஜையோரம் தன் இடத்தில் நின்றபடியே மிலுன் ஆரஞ்சுப் பழங்களைப் பார்த்தார்.

"இது எதுக்கு?"

"உனக்குத்தான். முடியலன்னு சொன்னாங்க."

"எனக்கு ஒண்ணும் இல்ல."

ஒப்ராத் அவரை மேலும் கீழும் பார்த்தார். சிவந்த கன்னம், நேரான முதுகு, வாரி விட்ட மீசை. இந்த முகத்துக்காகவா ராத்திரி தூங்காமல் கிடந்தோம் என்று தோன்றியிருக்க வேண்டும். அவர் முகமும் சிவந்தது.

"அப்போ தேநீர் யாருக்கு?"

சொல்லு மனுஷா என்று தெசங்கா உள்ளுக்குள் கத்தினாள். மூடி போட்ட பாட்டிலைக்கூட விசாரிக்கிற ஆள், ஒரே ஒரு வார்த்தை, உனக்கு என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிடேன். மிலுனின் வாய் திறந்து மூடியது. ஒப்ராத் பையை வாசற்படியில் வைத்துவிட்டுத் தொப்பியைத் தலையில் போட்டார். திரும்பினார்.

அப்போது மிலுனின் வலது கால் கம்பளத்தில் ஓங்கி மிதித்தது. அலமாரியில் கண்ணாடிக் குவளைகள் குலுங்கின. ஒப்ராத் நின்றார். அந்தக் காலை அவருக்குத் தெரியாதா என்ன.

காலை எடுக்காமலேயே மிலுன் கெண்டியை எட்டி எடுத்தார். சாராயம் ஊற்றுகிற சின்னக் குவளைகள் இரண்டை முன்னால் இழுத்து, இரண்டிலும் தேநீரை ஊற்றினார். தார் மாதிரி இறங்கியது. ஒன்றை ஒப்ராத் பக்கம் நகர்த்தினார். மற்றதை, புனிதரின் படத்துக்கு நேரே, அன்றைக்கு எனக்கு என்ன கூம் என்ற சொல்லைக் காதால் கேட்டவர்கள் அத்தனை பேரும் பார்க்க உயர்த்தினார்.

"நல்லாயிரு, கூமே" என்று சொல்லி ஒரே மடக்கில் குடித்தார்.

தெசங்கா அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கசப்பில் அவர் கண்ணில் நீர் கோத்தது. உதடு மட்டும் பிதுங்கவில்லை.

ஒப்ராத் வந்து குவளையை எடுத்தார். ஒரு வாய் குடித்தார். முகம் அஷ்டகோணலாயிற்று.

"எவ்வளவு நேரமாக் கொதிக்க வெச்சே இதை?"

"காலையிலேர்ந்து."

"இதைக் குடிச்சா செத்துத்தான் போவாங்க. எலுமிச்சம்பழமும் போடல. பீருக்கு மட்டும் ஊரைக் கூட்டுவே."

மிலுன் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். தெசங்கா எலுமிச்சம்பழம் எடுக்கக் குனிந்தபோது ஒப்ராத் தொப்பியைக் கழற்றுவதும், தன் தட்டுக்கு முன்னாலிருந்த நாற்காலியை இழுப்பதும் காதில் விழுந்தன. நிமிர்வதற்குள் பார்த்தாள்: மேஜைக்கு அடியில், தேய்ந்துபோன இடத்திலிருந்து, மிலுனின் வலது கால் மெள்ள மேலே எழும்பிக்கொண்டிருந்தது.