மாதுவுக்குக் கொடுக்காத இருபதணா

வெட்டியான் மாதுவுக்கு நான் ஒன்றேகால் ரூபாய், அதாவது இருபதணா, கடன்பட்டிருந்தேன். 1938இல் வாந்திபேதியில் போன என் ஒரே மகளுக்குக் குழி வெட்டிய கூலி அது.

இல்லாமல் வைத்த கடன் அல்ல. அன்றைக்கு என் மடியில் நாற்பது ரூபாய் இருந்தது. இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், காரிமங்கலம் சந்தையில் புளி மூட்டை சுமந்தே பதினோரு ஏக்கரும் இரண்டு கிணறும் உண்டாக்கியவன் நான். வேறு யாருக்கும் காலணா பாக்கி வைத்ததில்லை.

எங்கள் ஊர் வழக்கம், வெட்டியான் கூலியை மண்ணில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வீடு போக வேண்டும். அதோடு காரியம் முடிந்தது. கூலி கொடுக்காதவரை என் மகள் காரியம் முடியாது என்று நினைத்தேன். “நாளைக்கு வாங்கிக்கடா” என்றேன். அந்த நாளை நான்கு வருஷம் வரவில்லை.

தினமும் விடிந்ததும் சுடுகாட்டில் அவள் மேட்டருகே போய் உட்காருவேன். நிலத்தில் கோரை மண்டியது. ஒரு ஜோடி மாடு விலை போனது. என் மனைவி பழனியம்மாள் மூட்டை கட்டினாள்.

“செத்தது ஒருத்திங்க. நீங்க என்னையும் சேத்துப் பொதைக்கிறீங்க. அந்தக் கூலியக் குடுத்துட்டு வந்து கூப்புடுங்க, வர்றேன்.” தாய்வீட்டுக்குப் போய்விட்டாள்.

மாது கூலி கேட்கவேயில்லை. இரண்டு வருஷம் போன பிறகு ஒரு நாள் அரிவாளை என் முன்னால் போட்டான்.

“சும்மா குந்திக்கிட்டே இருந்தா நரி ஒங்களையும் தோண்டிப் போட்டுடும் கவுண்டரே. முள்ளாவது வெட்டுங்க.”

“எனக்கே வேலை சொல்றியாடா?”

“பச்சப் புள்ளைங்க மேல போடற முள்ளுங்க. அதுல என்ன கவுரவம்?”

குழந்தைகளைப் புதைத்த மேட்டை நரி தோண்டாமலிருக்க முள் பரப்புவார்கள். சூரைமுள் வெட்டினேன். கையெல்லாம் கிழிந்தது. ஆனால் சொல்ல வேண்டும், மூன்றே மாதத்தில் மாதுவைவிட அடர்த்தியாகப் பரப்பினேன். என் முள்ளை எந்த நரியும் தாண்டியதில்லை.

முள் போட்டதும் மாது அந்தக் குழந்தையின் பெயரைச் சத்தமாகச் சொல்லி, மூன்று மூச்சு விடும் நேரம் கண்ணை மூடி நிற்பான். என்னையும் நிற்க வைத்தான்.

“சாமிகிட்ட ஒண்ணும் கேக்காதீங்க. பேரச் சொல்லுங்க, மூச்ச வுடுங்க. அவ்ளோதான்.”

ஆண்டியின் மகன், ராமக்காளின் பேத்தி, எல்லார் பெயரும் சொன்னேன். பெயர் வைக்காமலே போன ஒன்றை ‘கண்ணு’ என்றோம். என் மகள் பெயர் மட்டும் வாயில் வரவில்லை. மாது அவசரப்படுத்தவில்லை. ஓரத்திலிருந்த இரண்டு சின்ன மேடுகள் யாருடையவை என்று கேட்டேன்.

“என்னுதுங்க. நானே வெட்டி, நானே முள்ளு போட்டேன். மறுநா அடுத்த குழிக்கு வந்தேன்.”

அத்தனை நாள் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் அதுவரை அதை நான் கேட்டதில்லை.

1942 ஆடியில் பெய்த மழையில் என் மகள் மேடு கரைந்து தரையோடு தரையாகிவிட்டது. அலுத்துப்போய் நின்றேன். அழக்கூடத் தெம்பில்லை. புதுமுள் வெட்டி வந்து பரப்பினேன். கண்ணை மூடினேன்.

“தீர்த்தம்மா” என்றேன். மூன்று மூச்சு விட்டேன். நான்காவது மூச்சு தானாக வந்தது.

பிறகு மடியை அவிழ்த்தேன். மாது பின்னால் நகர்ந்து தரையைக் காட்டினான்.

“மண்ணுல வையுங்க.”

“கைய நீட்டு மாது.”

“எங்கைய நீங்க தொடலாமுங்களா? பாத்தா ஊரு பேசும்.”

“பேசட்டும், நீட்டு. வட்டி எவ்ளோ?”

“ரெண்டு வருஷம் முள்ளு வெட்டுனீங்களே, அதுவே வட்டி. குடுத்துட்டுத் திரும்பிப் பாக்காம போங்க. வூட்டம்மாவப் போயிக் கூட்டியாங்க.”

மண் அப்பிய அவன் உள்ளங்கையில் ஒவ்வொரு அணாவாக எண்ணி வைத்தேன். பத்தொன்பதில் என் கை நின்றுவிட்டது. மாது விரலை மடக்காமல் காத்திருந்தான். இருபதாவது அணாவையும் வைத்தேன்.