கரை காக்கப் போன சிட்டு

நான்காம் வகுப்பு டீச்சருக்குத் தண்ணீர் என்றாலே பயம். சின்ன வயதில் குளத்தில் மூழ்கி, யாரோ முடியைப் பிடித்து இழுத்ததால் பிழைத்தவர். ஏரிக்கரை வழியாக நடந்தால் பள்ளிக்கூடம் பாதித் தூரம்தான். இருந்தும் கடைத்தெருவைச் சுற்றிக்கொண்டுதான் வருவார். "டீச்சர் டம்ளர் தண்ணியைக்கூட எட்டி நின்னுதான் குடிப்பாங்க" என்று மற்ற ஆசிரியைகள் கேலி செய்வார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

அந்த மழைக்காலத்தில் அவருக்கு வந்து வாய்த்த பாடம் நெதர்லாந்து. பயந்தவர்களுக்கே உரிய ருசியோடு நடத்தினார். நாட்டில் கால் பங்கு கடல் மட்டத்துக்குக் கீழே கிடப்பதையும், காற்றாலைகளை வைத்துத் தண்ணீரை இறைத்து நிலத்தை மீட்டதையும் பலகையில் வரைந்து காட்டினார். 1953இல் புயலில் கரைகள் உடைந்து, தூங்கிக்கொண்டிருந்த ஊர்களுக்குள் கடல் புகுந்ததைச் சொன்னபோது வகுப்பில் ஒரு பிள்ளைகூட அசையவில்லை.

"அங்க தண்ணி ஏறினா கரையில ஆளுங்க காவல் போவாங்க. எங்கயாவது கசியுதான்னு பார்த்துக்கிட்டே நடப்பாங்க."

"நம்ம ஏரிக்கு யாரு போறாங்க டீச்சர்?" என்றாள் முன் பெஞ்சுச் சிட்டு. வகுப்பிலேயே குட்டி அவள். அதனால் அந்தப் பெயர்.

மணி அடித்துவிட்டது. "நாளைக்குச் சொல்றேன்" என்றார் டீச்சர்.

அன்று சாயங்காலம் மழை கொட்டியது. தையல் கடையில் வேலை செய்யும் சிட்டுவின் அம்மா தொப்பலாக நனைந்து வந்து டீச்சர் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"சிட்டு இங்க வந்தாளா டீச்சர்? குடையையும் காணோம், அவளையும் காணோம்."

டீச்சருக்குச் சிட்டு வகுப்பில் கேட்ட கேள்வி நினைவுக்கு வந்தது. "ஏரிக்கரை..." என்றார். அந்த அம்மா மேற்குப் பக்கமாக ஓடினாள். டீச்சர் செருப்பை விட்டுவிட்டுக் கிழக்குப் பக்கமாகக் கரையேறினார்.

கரை வழுக்கியது. ஏரி அவர் காலடி வரை ததும்பி நின்றது. நிமிர்ந்து நடக்க முடியாமல், புதரைப் பிடித்துக் குனிந்தே போனார். மிதந்துவந்த ஒரு நீலத் துணியைப் பார்த்ததும் உயிரே போய்விட்டது. வெறும் சாக்குதான் அது.

மதகருகே, முறுக்கிக்கொண்ட குடையோடு சிட்டு நின்று அழுதுகொண்டிருந்தாள்.

"பயமா இருக்கு டீச்சர். நான் போயிட்டா யாரு பாக்குறது?"

"நான் பாக்குறேன்டி. நீ வா முதல்ல."

எதிரே ஓடிவந்த அம்மா மகளை ஓர் அறை அறைந்து, அப்படியே இறுக்கிக்கொண்டாள். பிறகு டீச்சரைப் பார்த்தாள். "சின்னப் புள்ளைங்ககிட்ட இதையெல்லாமா சொல்லுவீங்க?"

மறுநாள் காலை பள்ளிக்குப் போகும் முன் பொதுப்பணித் துறை அலுவலகத்துக்குப் போய் விசாரித்தார். கரையைச் சுற்றிவர ஆள் இருப்பதாகச் சொன்னார்கள். அதை வகுப்பில் சொன்னார். முந்தைய நாள் பயமுறுத்தும் வேகத்தில் தாம் சொல்லாமல் விட்ட ஒன்றையும் வரைந்தார்: வெள்ளத்துக்குப் பிறகு நெதர்லாந்துக்காரர்கள் கடலுக்கே பெரிய கதவுகள் போட்டதை. சிட்டுவின் இடம் காலியாக இருந்தது. காய்ச்சல்.

அடுத்த வாரம் மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்தவள், மற்ற பிள்ளைகள் சொன்ன அந்தக் கதவுப் படத்தைத் திரும்ப வரையச் சொன்னாள்.

"புயல் வந்தா மூடிடுவாங்களா டீச்சர்?"

"மூடிடுவாங்க."

சிட்டு தலையாட்டிவிட்டுப் போய் உட்கார்ந்தாள். வெளியே மறுபடி தூறல் விழுந்தது. டீச்சர் சாக்பீஸைக் கீழே வைக்காமல் ஜன்னல் வழியே ஏரிக்கரைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.