மாமனாரின் கத்தியை மெலியவைத்த கதை

கடையில் வாங்கிய பொருளை வாங்கிய மேனிக்கு வைத்துக்கொள்வது அங்கப்பனுக்கு ஆகாத காரியம். கணபதி ஊரில், வீட்டுக்குப் பின்னாலேயே பம்ப்செட் உதிரிபாகங்களைக் கடைந்து கொடுக்கும் பட்டறை வைத்திருந்தார். சைக்கிள் ஸ்டாண்டு முதல் மாவரைக்கும் கிரைண்டர் வரை எல்லாமே அங்கே ஒருமுறை போய் உடம்பு மாறி வந்தவைதான். அப்பேர்ப்பட்ட மனுசன் கை வைக்கப் பயந்த பொருள் அந்த வீட்டில் ஒன்றே ஒன்று, மனைவி சின்னாத்தாளின் மடக்குக்கத்தி.

அது அவளுடைய அய்யன் நாச்சிமுத்து மடியில் செருகிக்கொண்டு திரிந்தது. சொம்பு தொலைந்தாலும் கத்தி தொலையக்கூடாது என்பது அவர் கட்சி. பாத்திரத்தில் பேர் வெட்டுகிறவரைப் பிடித்து, அலகின் ஒரு பக்கத்தில் புள்ளி புள்ளியாகத் தன் பேரைப் போட்டு வைத்திருந்தார். அவர் போன பிறகு சின்னாத்தாள் பங்கு எதுவும் கேட்கவில்லை; இதை மட்டும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

தொண்ணூற்றாறில் அவளுக்குப் பல்செட் வைத்தார்கள். அதோடு கொய்யாக்காய்க்கு வந்தது வினை. மெல்லிசாக நறுக்கினால்தான் மெல்ல முடியும். கத்தியோ ஆப்பு மாதிரி தடிமன். காயைப் பிளக்குமே தவிர நறுக்காது. சாணை பிடித்தால் விளிம்பு கூராகும், உடம்பு குறையாது. அரிவாள்மனையில் அரிந்து கொடுத்தால் அம்மணி தொடமாட்டாள்; அய்யன் கத்தியில் நறுக்கியதுதான் அவளுக்கு இறங்கும். அவள் உயிரையே விடுகிற கொய்யாக்காய் கூடையிலேயே பழுத்து அழுகியது. அங்கப்பனுக்குப் பொறுக்கவில்லை.

அலகைத் தேய்த்து மெலியவைக்கலாம். தேய்த்தால் மாமனார் பேர் போய்விடும். யோசித்து யோசித்து, பேர் இல்லாத பக்கத்தை மட்டும் சாணைச் சக்கரத்தில் பிடித்தார். சூடேறி நீலம் பாய்ந்தால் இரும்பின் பதம் போய்விடும் என்று, தொட்டுத் தொட்டுத் தண்ணீரில் முக்கினார்.

சின்னாத்தாள் நறுக்கிப் பார்த்தாள். கத்தி நேராக இறங்காமல் ஒரு பக்கமாகவே சாய்ந்து போனது. துண்டு ஒரு முனை மெல்லிசு, மறுமுனை மொத்தை.

“ஏனுங்க, ஊரு மோட்டாருக்கெல்லாம் நூல் பிசகாம கடைஞ்சு குடுக்கறீங்க. இது என்னங்க இப்படிக் கோணவாக்குல போகுது?”

“ஒரு பக்கந்தான் தேச்சேன் அம்மணி. மறுபக்கம் உங்கய்யன் பேரு இருக்குதல்ல?”

அவள் அலகைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“எங்கய்யன் பேரு கத்தியப் பார்த்துத்தான் எனக்குத் தெரியோணுமாங்க? மக வாய்க்கு ருசியாத் திங்காமக் கெடந்தா அவரு பாத்துட்டு இருப்பாராக்கும்? தேய்ங்க.”

அங்கப்பனுக்குக் கை ஓடவில்லை. அவளே தண்ணீர்க் குண்டாவை ஏந்திக்கொண்டு சக்கரத்துப் பக்கத்தில் உட்கார்ந்தாள். புள்ளிகள் ஒவ்வொன்றாக மங்கின. பாதிப் பேர் மிச்சமிருந்தபோது அவர் சக்கரத்தை நிறுத்தினார்.

“போதுமா?”

“பாதிப் பேரோட எங்கய்யனை நிறுத்திப்போடாதீங்க.”

அவர் மீதியையும் தேய்த்தார். மனைவி முகத்தைப் பார்க்கவே அவருக்குத் தைரியமில்லை.

இந்த முறை கத்தி சத்தமில்லாமல் இறங்கியது. சின்னாத்தாள் ஒரு துண்டை வாயில் போட்டு மென்றாள். மென்றுகொண்டே அழுதாள், அழுதுகொண்டே அடுத்த துண்டை நறுக்கினாள்.