இரண்டு பேர் உட்காரும் மஞ்சள் கார்

நான்கு மாதம் எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமைகளை ஒரு மஞ்சள் கார் எடுத்துக்கொண்டது. தொண்ணூறுகளின் தொடக்கம். ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையின் குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். என் கணவருக்கு அங்கே எஞ்சின்களை ஓட்டிப் பார்த்துச் சோதிக்கும் பிரிவில் வேலை. நான் முகப்பேரில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். ஒரே மகள், அப்போது நாலாம் வகுப்பு. மூன்று பேருக்கும் ஒரு ஸ்கூட்டர் போதுமானதாகத்தான் இருந்தது, அவர் அந்தக் காரைப் பார்க்கும்வரை.

பார்த்தது நசரத்பேட்டையில். கூட வேலை பார்ப்பவர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்தோம். பந்தியிலிருந்து எழுந்து கை கழுவப் போன மனிதர் அரை மணி நேரமாகியும் வரவில்லை. தேடிக்கொண்டு போனேன். மண்டபத்துக்குப் பின்னால் ஒரு தோட்ட வீடு இருந்தது. அதன் ஓரத்தில் தகரக் கொட்டகை. உள்ளே ஒரு கார். அதன் முன்னால் என் கணவர், துடைக்காத ஈரக் கையோடு நின்றுகொண்டிருந்தார்.

அப்படி ஒரு காரை நான் நேரில் பார்த்ததில்லை. கூரை என் இடுப்புக்குச் சற்று மேலேதான் வந்தது. முன்பக்கம் நீளமாக நீண்டு தரையை முகர்ந்துகொண்டிருந்தது. உள்ளே இரண்டே சீட். வீட்டுக்காரப் பெரியவர் இளவயதில் சோழவரத்தில் கார்ப் பந்தயம் ஓட்டியவராம். வெளிநாட்டுக்காரர் ஒருவரிடமிருந்து வாங்கியிருக்கிறார். முதுகில் ஆபரேஷன் ஆன பிறகு அதற்குள் குனிந்து ஏற முடியவில்லை, விற்கப்போகிறேன் என்றார். என் கணவரை உள்ளே உட்காரச் சொல்லி, கார் ஜன்னல் வழியாகச் சாவியைக் கொடுத்து, "ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க சார்" என்றார்.

கொட்டகைத் தகரம் மொத்தமும் அதிர்ந்தது. என் கணவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டார். பன்னிரண்டு வருடக் குடித்தனத்தில் அவர் முகம் அப்படி ஆகி நான் பார்த்ததில்லை. கோபம் வந்தது என்று சொல்ல ஆசைதான். உண்மையில் கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

இறங்கி வந்து விலை கேட்டார். அவருடைய அப்பாவின் நிலத்தை விற்றுப் பாகம் பிரித்ததில் கையில் கொஞ்சம் பணம் வந்திருந்தது. அதற்குள் அடங்குகிற விலைதான். அப்படிப்பட்ட காரை வாங்க அந்தப் பக்கத்தில் ஆளே கிடையாது என்பதால் பெரியவரும் விலையில் இறங்கி வந்திருந்தார்.

"யோசிச்சுச் சொல்றேன் சார்" என்றார் என் கணவர்.

அந்த யோசனைதான் நான்கு மாதம் நடந்தது.

மாதா கோயிலில் ஞாயிறு பூசை முடிந்ததும் ஸ்கூட்டர் நேராக நசரத்பேட்டைக்குப் போகும். பாதி நாள் எங்களையும் ஏற்றிக்கொள்வார். பெரியவர் காப்பி கொடுப்பார். மகள் தோட்டத்தில் கொய்யா பறிப்பாள். இவர் காரைச் சுற்றிச் சுற்றி வருவார். கடைசியில் யோசிச்சுச் சொல்றேன் என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்புவார். பெரியவருக்குச் சலிக்கவில்லை. பேச ஆள் கிடைத்த சந்தோஷம். சலித்துப்போனது எனக்குத்தான், ஏனென்றால் மிச்சம் ஆறு நாளும் அந்தக் கார் என் சமையலறையில் நின்றது.

"ஏம்மா, லிட்டருக்கு அஞ்சு கிலோமீட்டர்தான் குடுக்குமாம்."

"அப்ப வேண்டாம்னு விட்டுடுங்க."

"தினமுமா ஓட்டப்போறோம்? ஞாயித்துக்கிழமை மட்டும்தானே?"

"அப்ப வாங்கிடுங்க."

"வாங்கிட்டு எங்க நிறுத்தறது? குவார்ட்டர்ஸ்ல ஷெட்டு கிடையாதே. மழை பெஞ்சா முழங்கால் தண்ணி நிக்குது."

"அப்ப வேண்டாம்."

"தார்ப்பாய் போட்டா என்ன?"

சமன்பாட்டின் இரண்டு பக்கமும் சமமாகிவிட்டால் விடை வந்துவிட்டது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவள் நான். இவருக்கு அங்கேதான் கணக்கே ஆரம்பிக்கும். கத்தரிக்காய் நறுக்கும்போது கேட்பார். துணி காயப்போடும்போது கேட்பார். பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருக்கும்போது, "ஒரு நிமிஷம், இதுக்கு மட்டும் பதில் சொல்லு" என்று பக்கத்தில் வந்து உட்காருவார். எந்தப் பதில் சொன்னாலும் அதற்கு எதிர்ப்பதில் அவரிடம் தயாராக இருக்கும்.

மூன்றாம் மாதம் ஒரு மெக்கானிக்கை அழைத்துப்போனார். வேலப்பன்சாவடியில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தவர், வெளிநாட்டு வண்டிகளில் கை வைத்தவர். நிபுணர் ஒருவர் சொல்லிவிட்டால் முடிந்துவிடும் என்று நானும் நம்பிக்கையோடு கூடப் போனேன். அவர் பாய் விரித்துக் காருக்கடியில் ஒரு மணி நேரம் படுத்திருந்தார். பிறகு எழுந்து வந்து கையைத் துடைத்துக்கொண்டார்.

"அண்ணாத்தே, எஞ்சின் ராஜா மாரி கீது. ஆனா ஒரு சாமான் போச்சுன்னு வையி, இங்க எங்கியும் ஆப்டாது. பம்பாய்க்குச் சொல்லி உட்டு, அது கப்பல்ல வர்ற வரிக்கும் குந்திகினு இருக்கணும்."

"அப்ப வாங்க வேணாங்கறியா?"

"நான் எங்க அப்டி சொன்னேன்? இந்த மாரி வண்டி இன்னொண்ணு தேடினாலும் கெடைக்காது."

"அப்ப வாங்கலாமா?"

"உன் ஊட்டு நெலம எனக்கு இன்னா தெரியும்? அண்ணியாண்ட ஒரு வார்த்த கேட்டுக்கோ."

இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் கொய்யா மரத்தடியில் இருந்த மகளைக் கூப்பிட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

அதற்கடுத்த மாதம் பெரியவரே ஒரு வழி சொன்னார். "இங்கயே பாத்துட்டிருந்தா ஒண்ணும் தெரியாது சார். எடுத்துட்டுப் போங்க. வீட்டு வாசல்ல நிறுத்திப் பாருங்க. சாயங்காலம் கொண்டுவந்து விட்டாப் போதும்." ஸ்கூட்டரை அங்கேயே விட்டுவிட்டு நானும் என் கணவரும் கிளம்பினோம். மகளை அன்று பக்கத்து வீட்டில் விட்டிருந்தோம்.

புடவையோடு அந்தக் காருக்குள் ஏறுவதை ஏறுவது என்று சொல்ல முடியாது. முதலில் உட்கார வேண்டும், பிறகு காலை ஒவ்வொன்றாக உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். தரையிலேயே உட்கார்ந்திருப்பது போல இருந்தது. வெளிநாட்டுக் கார் என்பதால் ஸ்டியரிங் இடது பக்கம். ஸ்டியரிங் இருக்க வேண்டிய வலது பக்கத்தில் நான். அதனால் முன்னால் லாரி போனால், அதைத் தாண்டி எதிரே வண்டி வருகிறதா என்பது அவருக்குத் தெரியாது. எனக்குத்தான் தெரியும்.

"வருதா?"

"ஒரு பஸ் வருது."

"இப்ப?"

"இப்ப இல்ல. போங்க."

"போலாமா? நல்லாப் பாத்தியா?"

"போங்கன்னு சொல்றேன்ல!"

"அதுக்குள்ள மாட்டுவண்டி வந்துடுச்சு, பாரு."

ஒரு லாரியைத் தாண்டுவதற்குக்கூட என் அனுமதி தேவைப்பட்டது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கொஞ்ச தூரம் போனதும் சாலை நேராகி வெறிச்சோடிக் கிடந்தது. அவர் மிதித்தார். முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. புளியமரங்கள் ஒன்றோடொன்று கலந்து ஒரே பச்சைச் சுவராயின. எஞ்சின் சத்தம் என் விலா எலும்புக்குள் புகுந்து ஓடியது. நான் சிரித்திருக்கிறேன். அவர் திரும்பி என்னைப் பார்த்து, "பாத்தியா! பாத்தியா!" என்று கத்தியபோதுதான் எனக்கே அது தெரிந்தது.

அது இரண்டு நிமிடம் இருக்கும். பிறகு வண்டியைத் திருப்பிக்கொண்டு பூந்தமல்லி வந்து, கரையான்சாவடியில் ஆவடி சாலைக்குத் திரும்பினோம். பருத்திப்பட்டுக்கு முன்னால் ஒரு பள்ளிக்கூடத்தின் எதிரே புதிதாக ஒரு வேகத்தடை போட்டிருந்தார்கள். யாரோ கோபத்தில் போட்டது போல அத்தனை உயரம். முன்சக்கரம் ஏறி இறங்கியது. பிறகு அடியில் கரகரவென்று ஒரு சத்தம். கார் அதன் மேல் வயிற்றை வைத்துப் படுத்துவிட்டது. பின்சக்கரம் சும்மா சுற்றியது.

எதிர் டீக்கடையிலிருந்து ஆட்கள் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டே வந்தார்கள். பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்தது.

"இன்னா சார், வண்டி தூங்குது?"

"மேடம் எறங்கினாத்தான் தூக்க முடியும்."

நான் இறங்க முயன்றேன். கால் வெளியே வந்தது, நான் வரவில்லை. பத்துப் பதினைந்து ஆண்கள் வேடிக்கை பார்க்க, புடவையைப் பிடித்துக்கொண்டு தரை மட்டத்திலிருந்து எப்படி எழுந்திருப்பது? பூ விற்றுக்கொண்டிருந்த ஓர் அம்மாள் கூடையை வைத்துவிட்டு வந்து, என் அக்குளில் கை கொடுத்து இழுத்து நிறுத்தினாள். "இன்னாம்மா வண்டி இது? ஊட்ல ஸ்கூட்டரு இல்லியா?" என்று உண்மையான அக்கறையோடு கேட்டாள். எட்டுப் பேர் சேர்ந்து காரைத் தூக்கி நகர்த்தினார்கள். என் கணவர் சுற்றிச் சுற்றி ஓடி, "கதவப் புடிக்காதீங்க, பெயிண்ட் போயிடும்" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்.

குவார்ட்டர்ஸுக்குள் நுழைந்ததும் எல்லா வீட்டு வாசலிலும் ஆட்கள். மகள் ஓடிவந்து ஜன்னலுக்குள் தலையை விட்டுப் பார்த்தாள். "அப்பா, நான் எங்க உக்காரது?" என்றாள். அவர் கியருக்குப் பின்னால் இருந்த மேட்டைக் காட்டினார். அவள் உட்கார்ந்து பார்த்தாள். தலை கூரையில் இடித்தது. பிறகு அவளை என் மடியில் உட்காரச் சொன்னார். எனக்கு மூச்சு முட்டியது.

உள்ளே வந்து தண்ணீர் குடித்துவிட்டு அவர் மெதுவாக ஆரம்பித்தார். "சரி, இப்ப சொல்லு. நீ என்ன நினைக்கிற?"

"வாங்குங்க" என்றேன்.

"கோவத்துல சொல்லாத."

"கோவம் இல்ல. அந்த ரோட்டுல போனப்ப எனக்கும் புடிச்சிருந்துது. உங்களுக்கு உசிரு. வாங்குங்க."

அவர் முகத்தில் சந்தோஷம் வரும் என்று பார்த்தேன். வந்தது பயம்.

"பாப்பா எங்க உக்காருவா?"

"எங்கயாவது போறதுன்னா நானும் அவளும் பஸ்ல வர்றோம். நீங்க கார்ல வாங்க."

"அதெப்படி? பாக்கறவங்க என்ன சொல்வாங்க? இந்த ரோட்டுல ஓட்ட முடியாதுன்னு நீயே பாத்தியே?"

"பாத்தேன். இருந்தாலும் வாங்குங்கன்னுதான் சொல்றேன்."

"நீ மனசாரச் சொல்லல" என்று சொல்லிவிட்டு எழுந்து போய் ஜன்னல் வழியாகக் காரைப் பார்த்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த நான்கு மாதமும் அவர் காத்திருந்தது என் சம்மதத்துக்கு அல்ல. நான் ஒரேயடியாக, முடியாது என்று கத்த வேண்டும். அழ வேண்டும். அம்மா வீட்டுக்குப் போகிறேன் என்று பெட்டியைத் தூக்க வேண்டும். அப்படிச் செய்திருந்தால் அந்தக் கார்மீது வைத்த ஆசை அவருக்குக் கறைபடாமல் அப்படியே இருந்திருக்கும். தன்னால் முடியாது என்று தானே சொல்லிக்கொள்ளும் சங்கடம் இருந்திருக்காது. அவர்மேல் பரிதாபம் வந்தது. ஆனால் என்னை அதற்குக் கருவியாக்கப் பார்த்தாரே என்ற எரிச்சல் அதைவிடப் பெரிதாக இருந்தது. இனி வேண்டாம் என்ற வார்த்தையை என் வாயிலிருந்து வரவழைக்க விடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

சாயங்காலம் காரைத் திருப்பிக் கொண்டுபோனோம். இம்முறை வேகத்தடைக்கு முன்பே நான் இறங்கி நடந்து, தாண்டியதும் ஏறிக்கொண்டேன். பெரியவர் கொட்டகை வாசலில் காத்திருந்தார்.

"என்ன சார், எப்படி?"

என் கணவர் என்னைப் பார்த்தார். நான் அவரையே பார்த்தேன். பெரியவரும் அவரைப் பார்த்தார். என் கணவர் காரின் முன்பக்கத்தைக் கையால் ஒருமுறை தடவினார். பிறகு, "எனக்குத் தோதுப்படாது சார். மன்னிச்சிடுங்க" என்றார்.

பெரியவர் கோபப்படவில்லை. அவர் தோளைத் தட்டிக்கொடுத்து, "பரவால்ல. எப்பத் தோணுதோ அப்ப வந்து ஸ்டார்ட் பண்ணிக் கேட்டுட்டுப் போங்க" என்றார்.

ஸ்கூட்டரில் திரும்பினோம். சொல்லவேண்டியதை ஒருவழியாகத் தானே சொன்னாரே என்று எனக்கும் மனம் இளகியது. தோளில் கை வைத்துக்கொண்டேன். கரையான்சாவடி நெருங்கும்போது அவர் பாதி திரும்பி, "நீ மட்டும் அங்க வெச்சு, வாங்குங்கன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நான் வாங்கியிருப்பேன்" என்றார்.

"நிறுத்துங்க வண்டிய" என்றேன். இறங்கி, வந்த பஸ்ஸில் ஏறி வீட்டுக்குப் போனேன். மூன்று நாள் தேவையானதை மட்டும் பேசினோம்.

சில மாதம் கழித்துப் பெங்களூர்க்காரர் ஒருவர் அந்தக் காரை லாரியில் ஏற்றிக்கொண்டு போனதாகத் தெரிந்தது. நான் எதிர்பார்த்த அளவு என் கணவர் வருத்தப்படவில்லை. காரணம் பிறகுதான் புரிந்தது. ஒரு ஞாயிறு கோயில் வாசலில், அவருடன் வேலை பார்ப்பவரின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "பாவம் டீச்சர், அவர் அவ்வளவு ஆசைப்பட்ட காராமே. நீங்க வேண்டாம்னுட்டீங்களாமே. விட்டுக்குடுத்திருக்கலாம்" என்றார். தொழிற்சாலையில் பாதிப் பேருக்கு இந்தக் கதை தெரிந்திருந்தது.

வீட்டுக்கு வந்து கேட்டேன். "உன்னக் கேக்காம நான் எதுவும் செய்யறதில்லன்னு பெருமையாத்தானே சொன்னேன்?" என்றார். முகத்தில் கள்ளம் துளிகூட இல்லை. அவர் அதை முழுசாக நம்பினார்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் அந்த அம்மாவைத் தேடிப்போய் மரத்தடியில் நிறுத்திவைத்து, கல்யாண மண்டபத்திலிருந்து ஆரம்பித்து நடந்தது அத்தனையும் சொன்னேன். மெக்கானிக் சொன்னதைச் சொன்னேன். நான் எத்தனை தடவை வாங்குங்கள் என்று சொன்னேன் என்பதையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, "சரிதான் டீச்சர். இருந்தாலும் நீங்க கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கலாம்" என்றார்.